மெல்லப் போகிறவரின் ஊரிலிருந்து



அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்த பிறகு, ஆறிப்போன காபியை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுவதுதான் இந்தப் பக்கத்தின் வழக்கம். இந்த மாதம் அப்படியில்லை. குச்சனூரில், சுரபி நதி என்று ஊர்க்காரர்கள் சொல்லும் வாய்க்காலின் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வலது முழங்காலில் மஞ்சள் பற்று. பக்கத்துப் புளியமரத்தில் சாய்த்து வைத்த சைக்கிள் ஒன்று, டயர் முழுக்கச் செம்மண்ணோடு நிற்கிறது. முழங்காலுக்கும் அந்தச் சைக்கிளுக்கும் உள்ள தொடர்பைப் பிறகு சொல்கிறேன்.

இன்று சனிக்கிழமை. சுயம்பு சனீஸ்வரர் கோயில் வாசலில் எள் விளக்கின் வாசம். காகத்துக்கு வைத்த சோற்றைக் காகங்கள் அவசரமில்லாமல் பார்வையிடுகின்றன. அவசரமெல்லாம் மனிதர்களுக்குத்தான். தெருவின் இரண்டு பக்கமும் வேன், கார், நடுவில் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் ஒரு பஸ். எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள். மார்கழிச் சனிக்கிழமைக்கே இப்படி என்றால், ஆடிச் சனிக்கிழமைத் திருவிழாவைக் கேட்க வேண்டாம்.

சனீஸ்வரன் என்று நாம் சொல்லும் பெயருக்குப் பின்னால் சனைச்சரன் என்றொரு சொல் இருக்கிறது. மெல்லப் போகிறவன் என்று பொருள். மந்தன் என்றும் அவருக்குப் பெயருண்டு. ஒரு ராசியைத் தாண்ட இரண்டரை வருடம், ஒரு சுற்று முடிக்க முப்பது வருடம் எடுத்துக்கொள்கிறவர். அவரைப் பார்க்க நாம் பறந்து வந்து, பத்து நிமிடத்தில் பறந்து திரும்புகிறோம். அவர் இதை எப்படி எடுத்துக்கொள்கிறாரோ!

என்னை இங்கே இழுத்து வந்தது என் அக்கா மகன். சென்னையில் வேலை. மதுரையிலிருந்து தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் மாதமும் அகல ரயில் வந்து சேர்ந்ததே, அதன் முழுப்பயனையும் அனுபவிப்பவன் அவன்தான் என்று நினைக்கிறேன். சைக்கிளை இரண்டாகப் பிரித்து, சாக்குப் பை மாதிரி ஒரு பையில் கட்டி, போடி ரயிலில் கொண்டுவந்து இறங்கினான். கூடவே நண்பனிடம் இரவல் வாங்கிய இன்னொரு சைக்கிள், எனக்காக. வந்ததும் வராததுமாக ஒரே கேள்வி: "மாமா, வண்டியே வராத ரோடு நம்ம பக்கம் எங்க இருக்கு? மலையா இருக்கணும். கரடுமுரடா இருக்கணும்."

சின்ன வயதில் எங்கள் ஊருக்கு நல்ல ரோடு வராதா என்று ஏங்கியவன் நான். நல்ல ரோடு இல்லாத இடம் எங்கே என்று தேடிக்கொண்டு ஐநூறு கிலோமீட்டர் வந்திருக்கிறான் அவன்.

"கிராவல் பைக்" என்றான். சரளைச் சைக்கிள் என்று நான் பெயர் வைத்தேன். பார்வைக்கு ரேஸ் சைக்கிள் போலத்தான் இருக்கிறது, ஆட்டுக்கிடாய்க் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். டயர் மட்டும் தடிமன். ரேஸ் சைக்கிளின் டயர் 25, 28 மில்லிமீட்டர் அகலம் என்றால் இது 45. பிரேக், ரிம்மைப் பிடிக்காமல் நடுவிலுள்ள தகட்டைப் பிடிக்கிறது. தார் ரோட்டிலும் வேகமாகப் போகலாம், கல்லும் மண்ணும் கலந்து கிடக்கிற வண்டிப்பாதையிலும் போகலாம். மலைச் சைக்கிளுக்கும் ரேஸ் சைக்கிளுக்கும் கல்யாணம் செய்து வைத்ததில் பிறந்த பிள்ளை.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006-இல் சில பேர் சேர்ந்து சரளை ரோட்டில் 200 மைல் ஓட்டத் தொடங்கினார்கள். இன்று அன்பவுண்டு என்ற பெயரில் அது பெரிய திருவிழா. 2022-இல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடந்துவிட்டது. இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் எல்லாச் சைக்கிளும் சரளைச் சைக்கிள்தானே? அப்பாவின் ஹெர்குலிஸில், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் நான் ஓட்டப் பழகினேன். இருபது கிலோ இரும்பு. பின் கேரியரில் ஒரு நாள் வாழைத்தார், ஒரு நாள் புல்லுக்கட்டு, ஒரு நாள் காய்ச்சலோடு தம்பி. வாய்க்கால் கரை, களத்துமேடு, ஓடை மணல் என்று அது போகாத இடம் கிடையாது.

"போச்சு, ஆனா மலை ஏறுச்சா?" என்றான் மருமகன்.

ஏறவில்லை. அதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் காலச் சைக்கிளில் பெரும்பாலும் பெடல் பக்கம் 44 பல், பின்சக்கரத்து ஃபிரீவீலில் 18 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை சுற்று சுற்றும். வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். சமவெளிக்கு அருமை. ஏற்றத்தில் ஐந்து மீட்டரை ஒரே மிதியில் வாங்க நம் தொடைக்குத் தெம்பு போதாது. இறங்கித் தள்ள வேண்டியதுதான். மருமகன் கொண்டுவந்த வண்டியின் சின்ன கியரில் முன்னால் 40 பல், பின்னால் 42. ஒரு மிதிக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கிற வேகம். ஆனால் இறங்க வேண்டாம். மந்தனின் கியர் என்று சொல்லிக்கொண்டேன்.

இந்தச் சங்கதியை மனிதர்கள் ஒப்புக்கொள்ளவே வெகுகாலம் ஆனது. டூர் டி பிரான்ஸ் போட்டி 1910-இல் பைரனீஸ் மலைக்கும் மறுவருடம் ஆல்ப்ஸ் மலையின் காலிபியே கணவாய்க்கும் போனபோது அங்கே இருந்தது வெறும் கல் ரோடு. ஓடும்போதே கியர் மாற்றும் கருவியை 1937 வரை அந்தப் போட்டியில் அனுமதிக்கவில்லை. அதுவரை ஏற்றம் வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். கியர் வைப்பது ஆண்மைக்குக் குறைவு என்ற நினைப்பு. நம்மூரில் மட்டும்தான் வீம்பு உண்டு என்று நினைத்திருந்தேன்.

டயர் விஷயம் இன்னொரு பாடம். சைக்கிள் கடையில் காற்றடித்ததும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்போம். கல் மாதிரி இருந்தால் திருப்தி. இவன் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டான். எனக்கு மனசே ஆறவில்லை. வாய்க்கால் கரையில் ஏறிய பிறகுதான் புரிந்தது. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின் மேலும் நம்மையும் சேர்த்துத் தூக்கிப் போடும். தளர்ந்த டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு நம்மை மேலே விட்டுவிடும். அப்புறம் சீமைக்கருவேல முள். டியூப் இல்லாத அந்த டயருக்குள் பால் மாதிரி ஒன்றை ஊற்றி வைத்திருக்கிறான். முள் குத்தினால் அது கசிந்து உறைந்து ஓட்டையை அடைத்துவிடுகிறது. அதுவும் ரப்பர் பால்தான். மலைக்கு அந்தப் பக்கம் வடிக்கிற அதே சரக்கு. மூன்று முள் வாங்கினோம், ஒரு பஞ்சர் இல்லை. எங்கள் தெருமுனைக் கடைக்கார அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது.

சரி, வண்டி வராத ரோடு எங்கே? கம்பம் பள்ளத்தாக்கை ஒரு தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கே இடுக்கி எல்லை மலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவில் முல்லைப் பெரியாறு. தொட்டியின் அடியில் நெல், வாழை, தென்னை, கம்பம் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை. தொட்டியின் விளிம்பில் மெட்டுகள். போடிமெட்டு, சாக்கலூத்து மெட்டு, ராமக்கல்மெட்டு, கம்பம் மெட்டு. மெட்டு என்றால் மலையைத் தாண்டும் இடம். வேகமான ரோடுகளெல்லாம் தொட்டியின் நடுவில் ஓடுகின்றன. நாங்கள் அடியிலிருந்து தொடங்கினோம், அதாவது தண்ணீரிலிருந்து.

இங்கே 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அந்த எண் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு வீட்டுக் கதவு எண் மாதிரி மனப்பாடம். அத்தனைக்கும் தண்ணீர் பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து வருகிறது. 1887-இல் தொடங்கி 1895-இல் முடித்த அணை. மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வேலை. இதோ பக்கத்தில் பாலார்பட்டியில், ஜனவரி 15 அவர் பிறந்தநாளுக்குத் தனியாகப் பொங்கல் வைப்பார்கள். இந்தத் தை இதழ் உங்கள் கைக்கு வரும்போது அங்கே பானை ஏறியிருக்கும்.

சைக்கிள்காரனுக்கு அந்தத் தண்ணீர் செய்த உபகாரம் வேறு. வாய்க்கால் வெட்டுகிறவன் மலையடிவாரத்தில் ஒரே மட்டமாகத்தான் வெட்டுவான். தண்ணீர் மெல்ல இறங்கினால் போதும், குதிக்கக் கூடாது. அதனால் வாய்க்கால் கரையில் போகிற மண்பாதையும் மட்டமாகவே போகும். லோயர் கேம்ப்பில் தொடங்கி தேவாரம், போடி பக்கம் வரை வருகிற 18-ஆம் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் எட்டித் தொடுகிற மாதிரி மலை, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு முழுவதும். கரையில் சரளை, நடுவில் புல், இரண்டு பக்கம் டிராக்டர் தடம். எதிரே வந்தது இரண்டு ஆட்டு மந்தை, மண்வெட்டியோடு ஒருவர், பாம்பு ஒன்று. ஹாரன் சத்தம் ஒன்றுமில்லை. ஏற்றம் பழகாதவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். கரடுமுரடுக்குக் கை பழகும், மூச்சு வாங்காது.

மண் மட்டும் ஒரே மண்ணில்லை. மலையடிவாரத்தில் செம்மண் சரளை. மழை பெய்து ஒரு வாரம் ஆனால் சிமெண்டு தரை மாதிரி இறுகும், பங்குனி சித்திரையில் மாவாகிவிடும். வயல் பக்கத்து வாய்க்கால் கரை அப்படியில்லை, அங்கே களிமண். மடை கசிந்த ஓர் இடத்தில் மருமகன் பின்னாலிருந்து, "மாமா, முன் பிரேக்கைப் பிடிக்காதீங்க" என்று கத்தினான். கத்தி முடிப்பதற்குள் பிடித்துவிட்டேன். முழங்கால் கதை அவ்வளவுதான். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "ரோடு அங்கிட்டு இருக்கே சாமி, இங்கிட்டு எதுக்கு வந்து விழுகுறீக?"

அந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. வண்டி வராத பாதை என்று நாங்கள் ஆசையாகத் தேடுகிறோமே, அது ஏன் அப்படி ஆனது? இரண்டு நாள் சுற்றியதில் ஒன்று புரிந்தது. சும்மா காலியாகக் கிடக்கிற பாதை எதுவுமில்லை. வெள்ளமோ, சண்டையோ, தீயோ, யானையோ, சட்டமோ, ஏதோ ஒன்று வண்டியை நிறுத்தியிருக்கிறது.

போடிக்கு மேற்கே குரங்கணிக்குப் போங்கள். அதற்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்று ஊர்கள். கீழே கொட்டகுடி பக்கம் பாட்டம் ஸ்டேஷன். ரயில் தெரியாத மலையில் ஏன் இத்தனை ஸ்டேஷன்? குண்டளைப் பள்ளத்தாக்கில் மூணாற்றுத் தேயிலைக்காக 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் ரயில் ஒன்று போட்டார்கள். 1908-இல் அதைக் குறுகிய இரட்டைத் தண்டவாளமாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்கு ரயிலில் வரும். அங்கிருந்து கயிற்றுப் பாதையில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் மாட்டு வண்டியில் போடிக்கு. மலையாள ஆண்டு 1099, நமக்கு 1924. அந்த வருடத்துப் பெருவெள்ளம் ரயிலை வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. திரும்பப் போடவேயில்லை. ரயிலும் போச்சு, கயிறும் போச்சு, பெயர்கள் மட்டும் இறங்க ஆளில்லாமல் நிற்கின்றன.

டாப் ஸ்டேஷனிலிருந்து வடக்கே இன்னொரு செத்துப்போன ரோடு. கொடைக்கானலில் கிளம்பி பேரிஜம், வந்தரவு வழியாக மூணாறு போன ரோடு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 2,400 மீட்டருக்கு மேலே ஏறி இறங்கியது. எஸ்கேப் ரோடு என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை மதராஸ் கரையில் இறங்கிவிட்டால் மலைவழியே கொச்சிக்குத் தப்பிப்போக அதைச் சீர்படுத்தி வைத்தார்கள். ஜப்பான்காரன் வரவில்லை. 1990-இல் ரோட்டை மூடிவிட்டார்கள். இப்போது அது காட்டுக்குச் சொந்தம். கேரளப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. வரைபடத்தில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் மருமகன் கண்ணில் ஒரு பளபளப்பு. அனுமதியில்லாமல் அங்கே நுழைந்தால் வழக்கு என்று சொல்லி அணைத்தேன்.

சட்டத்தை மட்டும் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீயை இந்த வட்டாரம் மறக்கவில்லை. மலையேற்றத்துக்கு வந்தவர்கள் காய்ந்த புல்லில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே வகுத்தது. மாசி பங்குனியில் மேற்கு மலையின் புல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் அந்த மாதங்களில் பாதை காலியாக இருக்கிறதே என்று மகிழ மாட்டான்.

கிழக்கு மலைக்கு வந்தால் யானை. சின்னமனூரிலிருந்து தென்பழனி சோதனைச்சாவடி தாண்டி மேகமலை ஏறும் ரோட்டைச் சைக்கிள்காரர்கள் கொண்டாடுகிறார்கள். 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். நானூறு மீட்டருக்கும் கீழே தொடங்கி 1,500 மீட்டர் வரை ஏற்றம். உடம்பும் சைக்கிளும் சேர்ந்து 87 கிலோ என்று வைத்தால், அந்த 1,100 மீட்டரைத் தூக்கவே உடம்பு 900 கலோரிக்கு மேல் எரிக்க வேண்டும். சட்னி சாம்பார் சேர்க்காமல் பதினைந்து இட்லிக்கு மேல். தார் போட்ட ரோடுதான், ஆனால் வண்டி குறைவு. ஏனென்றால் இது 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். இருட்டிய பிறகு விடமாட்டார்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் நினைவிருக்கிறதா? சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட யானை, மேகமலைக்கு வந்து, பிறகு கம்பம் நகரத் தெருவுக்குள்ளேயே நடந்தது. ஜூன் 5-ஆம் தேதி மயக்க ஊசி போட்டு களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகும் வரை மேகமலையில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை. அந்த நாட்களில் அதுதான் தமிழ்நாட்டிலேயே போக்குவரத்து இல்லாத மலைப்பாதை. போய் ஓட்டத்தான் ஆளில்லை.

இவையெல்லாம் கதையாகச் சொல்ல நன்றாக இருக்கின்றன. சொல்லக் கூச்சமாக இருப்பது வேறொன்று. பெரியகுளத்துக்கு மேலே அகமலைப் பக்கத்துக் குக்கிராமங்களில் ரோடு இல்லாததால் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவதைப் பத்திரிகையில் எத்தனையோ தடவை படித்திருக்கிறோம். கொடைக்கானல் மலையின் வெள்ளகவியைப் பற்றியும் அப்படித்தான் படித்திருக்கிறோம். ஒரு காலத்தில் பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு நடந்து ஏறியவர்கள் போன வழியில் இருக்கிற ஊர் அது. வேறு பக்கம் ரோடு வந்தது, வெள்ளகவியை மறந்துவிட்டோம். கரடுமுரடாக இருக்கணும் என்று மருமகன் கேட்கிற பாதையில் ஒரு பெண் பிரசவ வலியோடு இறங்கியிருப்பாள். ரோடு போட்டால் காடு போகும் என்பதும் உண்மைதான். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், டோலியில் இருப்பவர் பக்கம். இதைச் சொன்ன பிறகும் காலிப் பாதை மேலுள்ள ஆசை போகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இத்தாலியின் டஸ்கனியில் இதற்கு நேர்மாறான கவலை. அங்கே வெள்ளைச் சரளை ரோடுகளைத் தாரிலிருந்து காப்பாற்றவேண்டும் என்பதற்காகவே 1997-இல் லெரோய்க்கா என்ற சைக்கிள் விழாவைத் தொடங்கினார்கள். பழைய சைக்கிளில் பழைய ரோட்டில் போகிற விழா. ரோடு நிறைய இருக்கிறவனுக்கு மண் ரோடு அருமை. அவன் ஊர் ஆம்புலன்ஸ் வேறு வழியாக வந்துவிடும்.

போக விரும்புகிற வாசகர்களுக்குச் சில சங்கதி. ஆனி ஆடியில் கம்பம் கணவாய்க் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், உங்களுக்கு மதில் சுவர். வெயில் ஏறுவதற்குள் கூடலூர் பக்கம் மிதித்துப் போய்விட்டால், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். மெட்டு ரோடுகளை விடிகாலையிலும் சாயங்காலத்திலும் தவிருங்கள். கம்பம், தேவாரம், போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் அந்த நேரம்தான் ஏறி இறங்கும். அவை ஏன் அந்த வேகத்தில் வருகின்றன என்றால், உள்ளே இருக்கும் பெண்கள் இருட்டுமுன் வீடு சேர்ந்து அடுப்பு மூட்ட வேண்டும். ஓரமாக இறங்கி நில்லுங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில் போதாது, மூன்று. வாய்க்கால் கரையில் தண்ணீர் ஓடும்போது மடைப் பக்கம் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் போகிற எந்தப் பாதைக்கும் வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் வண்டி நின்றுபோன பாதை ஒன்று இருக்கும். பழைய மீட்டர்கேஜ் தடமோ, உப்பு வண்டி போன பாதையோ, அணை கட்டியபோது முழுகிய ரோட்டின் மிச்சமோ. அது ஏன் நின்றது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மாசி இதழில் நான்கைந்து பக்கம் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். படம் இருந்தால் அனுப்புங்கள். சைக்கிள் இல்லாமல் பாதை மட்டும் இருக்கிற படம் இன்னும் நல்லது.

நேற்று சாயங்காலம் தேவாரம் தாண்டி, சாக்கலூத்து மெட்டு ஏறும் பழைய நடைபாதையின் அடிவாரம் வரை போனோம். இந்த மெட்டுக்கு ரோடு வேண்டும் என்பது இந்த வட்டாரத்தின் நீண்ட நாள் கோரிக்கை. எதிரே காடு என்பதால் இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது. அதற்கு மேல் போகக்கூடாது. சைக்கிளை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆடு பற்றிக்கொண்டு வந்த ஒரு பாட்டி பக்கத்தில் நின்றார்.

"நாங்கெல்லாம் ஏலக்காட்டுக்கு இந்த வழியாத்தான் நடந்து போவோம். வெள்ளனே ஏறுனா உச்சிக்குப் போய் வேலைக்கு நிப்போம். இப்பப் பிள்ளைக ஜீப்புல சுத்திக்கிட்டுப் போகுதுக."

பிறகு சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டயரை அமுக்கி, "காத்து இல்லையேப்பா" என்றார். விலை கேட்டார். மருமகன் பாதியாகக் குறைத்துச் சொன்னான். அந்தக் காசுக்கே ரெண்டு கறவை மாடு வாங்கலாமே என்று அவர் கணக்குப் போட்டார். மாட்டைச் சொன்னதும் வேறொன்று நினைவு வந்தது போல, பின்சக்கரத்துக்கு மேலே வெற்றிடத்தைக் கையால் தடவிக் காட்டிக் கேட்டார்:

"கேரியர் இல்லையே. புல்லுக்கட்டை எதுல வச்சுக் கொண்டு போவீக?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன்.

அன்புடன்,
ஆசிரியர்